எடுப்பதா? வாங்குவதா? ஏற்பதா?

ஆங்கிலத்தில் ‘டேக்’ என்று ஒரு சொல் உண்டு. பள்ளிக்கூடத்தில் அதற்கு ‘எடு’ என்று அர்த்தம் சொல்லிக் கொடுப்பார்கள். பையனும் நெட்டுருப் போட்டு விடுவான். ஆனால் அந்த ஒரே அர்த்தத்தை நம்பிப் புறப்பட்டால் வழியில் திண்டாட வேண்டியதுதான்!

மருந்தை ‘டேக்’ செய்தால் சாப்பிடுவது. பரீட்சையை ‘டேக்’ செய்தால் எழுதுவது. நாற்காலியை ‘டேக்’ செய்யச் சொன்னால் தூக்கிக்கொண்டு போகச் சொல்லவில்லை, உட்காரச் சொல்கிறார்கள். ஒரு வேலை இரண்டு மணி நேரத்தை ‘டேக்’ செய்தால், அவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று அர்த்தம். பதவிப் பிரமாணத்தை ‘டேக்’ செய்கிறவரும் உண்டு. லஞ்சத்தை ‘டேக்’ செய்கிறவரும் உண்டு. இருவருக்கும் ஒரே சொல்! சில சமயம் இருவரும் ஒரே ஆசாமியாகவும் இருந்து விடுவதுண்டு.

இது இங்கிலாந்தின் சொந்தச் சொல்லும் அல்ல. கடல் கடந்து கொள்ளையடிக்க வந்த வைக்கிங் மக்கள் விட்டுச் சென்றது. அவர்கள் பாஷையில் ‘டாக்கா’. அதற்கு முன் அங்கே ‘நிமன்’ என்ற சொல்தான் வழங்கியது. வந்த சொல், இருந்த சொல்லின் இடத்தையே எடுத்துக்கொண்டு விட்டது! கை மரத்துப் போனால் ஆங்கிலத்தில் ‘நம்’ என்கிறார்களே, அது அந்தப் பழைய சொல்லின் மிச்சம்.

கல்லில் வெட்டிய விதி

கடைசி வைக்கிங் மன்னன் யார்க் நகரை விட்டுத் துரத்தப்பட்டது 954-ல். அதே நூற்றாண்டில், காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், எடுப்பது வேறு, ஏற்பது வேறு என்று கல்லிலேயே வெட்டி வைத்து விட்டார்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் பொறித்த கல்வெட்டுகள் அவை. வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குப் போகிறவர்கள் சுவரில் பார்க்கலாம்.

ஊர் 30 குடும்புகளாகப் பிரிந்திருந்தது. குடும்பு வாரியாகப் பெயர் எழுதிய ஓலைகளைக் கட்டிக் குடத்தில் இடுவார்கள். விவரம் ஏதும் அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை வாங்க வேண்டும். அதை வேறு குடத்தில் போட்டுக் குலுக்கி, ஓர் ஓலையை வாங்க வேண்டும். ‘வாங்கு’ என்பதே கல்வெட்டின் சொல். கடைக்குப் போய்க் காசு கொடுத்து வாங்குவது அல்ல, வெளியே இழுப்பது. கடல் உள்வாங்கியது, மூச்சு வாங்குகிறது என்கிறோமே, அந்த வாங்கல்!

அடுத்துத்தான் விசேஷம். சிறுவன் கொடுக்கும் ஓலையை மத்தியஸ்தர் எப்படிப் பெற வேண்டும்? ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையில் ஏற்றுக்கொள்ள வேண்டும். பிடிக்கக் கூடாது, பற்றக் கூடாது. மூடிய கைக்குள் இன்னோர் ஓலை ஒளிந்திருக்கலாம் அல்லவா?

இத்தனை கெடுபிடி எதற்கு? ஏரி வாரியத்துக்கு 6 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஆண்டு வாரியத்துக்கு 12 பேர் என்று தேர்ந்தார்கள். ஏரித் தண்ணீர் ஒரு வருஷம் யார் பொறுப்பில் என்பது சின்ன விஷயமா? பிறர் பொருளைத் திருடியவன் பெயரைக் குடத்தில் இடக் கூடாது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரும், அவனுடைய உறவினர் பெயரும் கூடாது.

இதைக் கேட்டு எல்லோருக்கும் வாக்கு இருந்ததாக எண்ணி விட வேண்டாம். அது பிராமணர் சபை. கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் படிப்பும் உள்ளவர்களுக்கே இடம். வயது 35-க்கு மேல், 70-க்குள்.

விரித்த கையில் விழுந்த ஓலையை மத்தியஸ்தர் உரக்க வாசிப்பார். அவரோடு விட்டு விடவில்லை. அங்கே இருக்கும் நம்பிமார் அனைவரும் அதே ஓலையை வாசிக்க வேண்டும். அதன் பிறகுதான் பெயரை எழுதினார்கள்.