பம்பளிமாஸும் கொழுப்பு மாத்திரையும்

"அப்பா கொழுப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறார். பம்பளிமாஸ் இதயத்துக்கு நல்லதாமே, தினமும் கொடுக்கலாமா?" என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்.

நாரத்தை, எலுமிச்சை வகைகளைப் பித்தத்துக்கும் வாய்க்கசப்புக்கும் நம் வீடுகளில் காலங்காலமாகக் கொடுத்து வருகிறோம். பம்பளிமாஸ் இதயத்துக்கு நல்லது என்பதும் வெறும் பேச்சல்ல. சுளையைச் சுற்றிய வெள்ளைத் தோலிலுள்ள பெக்டின் என்ற நார்ப்பொருள் கெட்ட கொழுப்பைச் சற்றுக் குறைக்கும். ஆனால், மாத்திரை சாப்பிடுபவரின் குடலில் இந்தப் பழம் செய்யும் வேலை வேறு.

கனடாவில் டேவிட் பெய்லி குழுவினர் ஃபெலோடிபின் என்ற ரத்த அழுத்த மருந்தோடு மது சேர்ந்தால் என்ன ஆகும் என்று சோதித்தார்கள். மதுவின் சுவை தெரியாதிருக்க கிரேப்ஃப்ரூட் சாறு கலந்தார்கள். பம்பளிமாஸும் ஆரஞ்சும் கலந்து பிறந்த பழம் அது. மது கலந்த சாறு குடித்தபோதும் வெறும் சாறு குடித்தபோதும் ரத்தத்தில் மருந்து எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு இருந்தது. 1989-இல் இது வெளியானது.

என் அப்பா நாற்றங்காலில் விதை தெளிக்கும்போது காக்கையும் எறும்பும் தின்னப்போவதையும் கணக்கில் சேர்த்துத்தான் தெளிப்பார். இத்தகைய சில மருந்துகளின் அளவும் அப்படித்தான். குடல் சுவரிலுள்ள சிஒய்பி3ஏ4 என்ற நொதி ஒரு பகுதியை அழித்துவிடும் என்று தெரிந்தே அளவு வைக்கிறார்கள். கிரேப்ஃப்ரூட்டிலும் பம்பளிமாஸிலும் உள்ள ஃபுரானோகூமரின் அந்த நொதியை முடக்கிவிடுகிறது. முடங்கியது திரும்ப எழாது. குடல் புதிதாக உண்டாக்க ஒரு நாளுக்கு மேல் ஆகும். அதனால் காலையில் பழம், இரவில் மாத்திரை என்று பிரித்துச் சாப்பிட்டும் பயனில்லை.

கொழுப்பு மாத்திரைகளில் சிம்வாஸ்டாடினும், இங்கே பரவலாக எழுதித்தரும் அட்டோர்வாஸ்டாடினும் இந்த நொதியிடம் சிக்குபவை. ரத்தத்தில் அளவு கூடினால் தசைவலி வரலாம். அரிதாகத் தசை சிதைந்து சிறுநீரகம் வரை பாதிக்கும். ரோசுவாஸ்டாடினுக்கு இந்தத் தொல்லை இல்லை. அட்டையைக் கிழித்துக் கொடுக்கும் மருந்துக்கடையில் யாரும் இதைச் சொல்வதில்லை. "இயற்கைதானே" என்று நாமும் மருத்துவரிடம் பழத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை. வாசகி முதலில் அட்டையிலுள்ள பெயரைப் பார்த்துவிட்டு மருத்துவரைக் கேட்கட்டும். அதுவரை அப்பாவுக்குக் கமலா ஆரஞ்சு கொடுக்கலாம்.

இதயத்துக்கு என்று நாரத்தங்காய் ஊறுகாயைத் தொட்டுக்கொள்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: அதில் காயோடு உப்பும் ஏராளம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, நாளுக்கு எல்லாம் சேர்த்து 5 கிராமுக்குள்.