தொட்டாற்சிணுங்கிப் பூனை

காஞ்சிபுரம் போகிறவர்கள் வரதராஜப் பெருமாளைச் சேவித்துவிட்டு, தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொடாமல் திரும்புவதில்லை. எத்தனை ஆயிரம் கைகள் பட்டாலும் அந்தப் பல்லிகள் முகம் சுளிப்பதே இல்லை. ஆனால், நெசவாளர் தெருத் திண்ணையில் சுருண்டு கிடக்கும் பூனையிடம் அதே உரிமையுடன் கையை நீட்டிப் பாருங்கள்! ஒரு பூனை காலைச் சுற்றி வந்து குழையும். இன்னொன்று, "உன் சகவாசமே வேண்டாம்" என்பது போல் எழுந்து போய்விடும். மூன்றாவது, கையில் சிவப்புக் கோடு போட்டு அனுப்பும்!

"ஒரே வயிற்றுக் குட்டிகளுக்குள் ஏன் இத்தனை பேதம்?" என்று கேட்பீர்கள். குட்டி பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரைதான் மனிதர்களிடம் பழகக் கற்றுக்கொள்ளும் காலம். அப்போது அன்பான கைகள் பட்ட குட்டிக்குப் பிறகு பயம் குறைவு. தகப்பன் குணத்துக்கும் இதில் பங்கு உண்டு. ஒரே பிரசவத்துக் குட்டிகளுக்கு வெவ்வேறு தகப்பன்கள் இருப்பதும் பூனை உலகில் சகஜம்!

எங்கே தொடுவது என்பதும் முக்கியம். இங்கிலாந்தில் லிங்கன் பல்கலைக்கழகத்தார் 2015-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், வாலின் அடிப்பகுதியைத் தடவியபோதுதான் பூனைகள் அதிகமாக வெறுப்பைக் காட்டின. கன்னம், மோவாய், காதோரம் ஆகிய இடங்களைத்தான் பல பூனைகள் விரும்புகின்றன. அங்கே வாசனைச் சுரப்பிகள் இருக்கின்றன. பூனை தானாக வந்து நம் மேல் உரசுவதும் அந்த இடங்களைத்தான். வயிற்றைக் காட்டி மல்லாந்து படுத்தால், "நம்பிக்கை வைத்திருக்கிறேன்" என்று அர்த்தமே தவிர, "தடவு" என்று அர்த்தமில்லை.

"தாய்ப்பூனை பிடரியைக் கவ்வித்தானே தூக்குகிறது? நாமும் தூக்கினால் என்ன?" என்று சிலர் வாதாடுவார்கள். காஞ்சியில் வைஷ்ணவப் பெரியவர்களைக் கேட்டால் மார்ஜார நியாயம் என்று ஒன்றைச் சொல்வார்கள். குரங்குக் குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ளும். பூனைக்குட்டியோ ஒன்றும் செய்யாமல் கிடக்கும், தாயே கவ்விச் செல்லும். பகவானிடம் அப்படிக் கிடக்க வேண்டும் என்பது தென்கலையார் கட்சி. குட்டிக்கு அது சரி. வளர்ந்த பூனை யாரிடமும் சரணாகதி செய்வதில்லை! பிடரியைப் பிடித்துத் தூக்கினால் அதற்குப் பயமும் வலியும்தான் மிச்சம்.

பின் என்னதான் செய்வது? நாட்டிங்ஹாம் டிரென்ட் பல்கலைக்கழகத்தார், பாட்டர்சீ காப்பகத்துப் பூனைகளைக் கொண்டு நடத்திய ஒரு சோதனையை 2021-ல் வெளியிட்டார்கள். வந்தவர்களுக்குச் சில நிமிஷப் பாடம்: கையை மெதுவாக நீட்டுங்கள், பூனை வந்து உரசினால் மட்டும் தடவுங்கள், அதன் முகத்தையும் உடம்பையும் கவனியுங்கள், நடுநடுவே நிறுத்தி, இன்னும் வேண்டுமா என்று பாருங்கள். அப்படி நடந்துகொண்டவர்களிடம் பூனைகள் கோபம் குறைந்து, அதிக அன்பு காட்டின.

வால் விசுக் விசுக்கென்று ஆடுவது, காது பின்னால் மடிவது, முதுகுத் தோல் சிலிர்ப்பது, சட்டென்று தலையைத் திருப்புவது — இவையெல்லாம் "போதும்" என்பதற்கு அடையாளங்கள். இதைக் குழந்தைகளுக்குக் கட்டாயம் சொல்லிக் கொடுங்கள். பூனை நான்கு முறை சொல்லியும் கேட்காமல் குழந்தை பிடித்திழுக்கும். ஐந்தாம் முறை நகம் பேசும். அழுகைச் சத்தம் கேட்டு ஓடி வரும் நாமோ, பூனையைக் கோணியில் போட்டு ஊர்க் கோடியில் விட்டுவிட்டு வரச் சொல்கிறோம்!

பூனை கீறினாலோ கடித்தாலோ, மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டாதீர்கள். சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவி, உடனே டாக்டரிடம் போங்கள். வெறிநோய் பூனையாலும் வரும். தடுப்பூசி தேவையா என்பதை அவர் தீர்மானிக்கட்டும்.

புதிதாக வந்த மருமகளின் விருப்பு வெறுப்பைத் தெரிந்துகொள்ளவே வீட்டாருக்குச் சில மாதங்கள் பிடிக்கின்றன. வாயில்லாத பூனைக்கும் அந்த அவகாசத்தைக் கொடுத்துப் பாருங்களேன்! உங்கள் மடி பிடித்திருந்தால், ஒரு நாள் அழைக்காமலே வந்து ஏறிக்கொள்ளும்.