எண் எங்கே குடியிருக்கிறது?

கள்ளக்குறிச்சியில் பேருந்து ஏறி, கச்சிராயபாளையம் தாண்டி, கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைக்குப் போயிருக்கிறீர்களா? மலைப்பாதையின் ஏதோ ஒரு வளைவில் செல்போன் திரையிலுள்ள சிக்னல் கோடுகள் மறைந்து போகலாம். செல்போன் அலைகள் ஏறத்தாழ நேர்கோட்டில் செல்பவை. நடுவே மலை நின்றால் தடைப்படும். அந்த நேரத்தில் உங்களுக்கு வரும் குறுஞ்செய்தி தொலைந்து போவதில்லை. ஒரு செய்தி மையத்தில் காத்திருந்து, நீங்கள் வேறொரு கோபுரத்தின் எல்லைக்குள் வந்ததும் வந்து சேர்கிறது. நீங்கள் வந்துவிட்டதை அந்த மையம் எப்படி அறிகிறது?

நம் எண் சிம் கார்டுக்குள் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் சிம்முக்குள் இருப்பது வேறொரு 15 இலக்க அடையாள எண். இந்தியச் சிம்களில் அது 404 அல்லது 405 என்று தொடங்கும். நாம் சுழற்றும் பத்து இலக்க எண்ணோ நிறுவனத்தின் பதிவேட்டில் ஒரு வரியாக இருக்கிறது. 'இந்த எண்ணுக்கு உரிய சிம் இது. அது இப்போது இருக்கும் இடம் இது' என்பதே அந்த வரி. போனை இயக்கியதும் அருகிலுள்ள கோபுரம் அடையாளத்தைக் கேட்டறிய, பதிவேட்டில் இடம் திருத்தப்படுகிறது.

உங்கள் அண்ணன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். ரோமிங் வசதியுடன் நம்மூர்ச் சிம்மை அங்கே இயக்குகிறார். 404 என்பதைக் கண்ட அந்நாட்டு வலையமைப்பு, 'இவர் இந்திய விருந்தினர்' என்று அறிந்து நம் நாட்டுப் பதிவேட்டைக் கேட்கிறது. இடம் 'சிங்கப்பூர்' என்று திருத்தப்படுகிறது. அவ்வளவுதான்! பதிவேட்டுக்கு வெள்ளிமலையும் சிங்கப்பூரும் ஒன்றே.

தூரத்தால் எண் சாவதில்லை; மௌனத்தால் சாகிறது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2013இல் ஒரு விதி வகுத்தது. முன்பணச் சிம்மை 90 நாள்களுக்குக் குறைந்த மௌனத்துக்காகத் துண்டிக்கக் கூடாது. அதற்கு மேலும், கணக்கில் 20 ரூபாய்க்குக் குறையாமல் இருந்தால் துண்டிக்கக் கூடாது. பேசுவது, செய்தி அனுப்புவது, இணையம் பார்ப்பது ஆகியவை பயன்பாடு. நமக்கு வரும் குறுஞ்செய்தி மட்டும் கணக்கில் சேராது! ஆகவே வங்கி அனுப்பும் ஓ.டி.பி. நாள்தோறும் வந்தாலும், சட்டப்படி அந்த எண் தூங்கிக்கொண்டிருக்கிறது. எண் உயிரோடிருப்பது வேறு, அதற்குச் செய்தி வருவது வேறு என்பதையும் மறக்க வேண்டாம். ரீசார்ஜ் கெடு முடிந்தால் வரும் செய்திகளும் நின்றுவிடலாம்.

துண்டித்த எண்ணை ஏன் அப்படியே விட்டு வைப்பதில்லை? இந்தியச் செல்போன் எண்கள் 6, 7, 8, 9 ஆகியவற்றில் தொடங்குபவை. பத்து இலக்கத்தில் இப்படி 400 கோடிக்கு மேல் எண்களே அமையா. எனவே பழைய எண் வேறொருவருக்குப் போகிறது. துண்டித்து 90 நாள்களாவது கழியாமல் தருவதில்லை என்று 2023இல் உச்ச நீதிமன்றத்தில் ஆணையம் தெரிவித்தது. ஆனால் வங்கியின் ஏட்டிலோ அது இன்னும் அண்ணனின் எண்தான். அவர் பணத்துக்கான ஓ.டி.பி. முன்பின் தெரியாத ஒருவர் சட்டைப் பையில் ஒலிக்கும்!

சிலர் சிம்மை ஊரிலேயே அம்மாவிடம் விட்டுச் செல்கிறார்கள். இந்த வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. மலையூரில் சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு அம்மா வருவதற்குள் ஓ.டி.பி. காலாவதியாகிவிடும். அதைவிட, கேட்டவுடன் அந்த எண்களைப் படித்துச் சொல்லிப் பழகியவரை, மகன் குரலில் பேசும் மோசடிக்காரன் எளிதில் ஏமாற்றிவிடுவான்.

இரண்டு சிம் போடும் போனில் ஊர்ச் சிம்மையும் வைத்துக்கொள்வதே நல்லது. புறப்படுமுன் வெளிநாட்டு ரோமிங் வசதியைக் கேட்டுப் பெற வேண்டும். அந்தச் சிம்மில் இணையத்தை அணைத்துவிட வேண்டும், இல்லாவிடில் கட்டணம் கையைக் கடிக்கும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அதிலிருந்து ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் மௌனம் கலையும். ரீசார்ஜை இங்கிருந்தே, கச்சிராயபாளையம் கடையில்கூட, நீங்கள் செய்துவிடலாம். கெடு நாளை வீட்டு நாள்காட்டியில் குறித்து வையுங்கள்.