மேத்ஸ்னாலே அலர்ஜியா? பொதுத்தேர்வு நெருங்கும்போது பிடிக்காத பாடத்தைப் படிப்பது எப்படி?

சேலம் மாவட்டம் இளம்பிள்ளையில் சாயங்காலம் ஆறு மணிக்கு எந்தத் தெருவில் நடந்தாலும் தறிச் சத்தம் கேட்கும். கஞ்சமலைக்கு அருகே இருக்கும் இந்த ஊரின் பெயரைச் சொன்னாலே தமிழ்நாடு முழுக்க நினைவுக்கு வருவது சேலைதான். விசைத்தறி, கைத்தறி, மொத்த வியாபாரக் கடைகள், வாட்ஸ்அப்பில் போட்டோ போட்டு விற்கும் வீட்டு வியாபாரம் என்று ஊரே நூலைச் சுற்றி இயங்குகிறது.

பிப்ரவரி, மார்ச் வந்தால் அந்தச் சத்தத்துக்கு நடுவே இன்னொரு குரலும் கேட்கும். "என்ன கண்ணு, மேத்ஸ் படிச்சியா?" அதற்கு வரும் பதிலும் பழகியதுதான். "அது எனக்கு வராதும்மா. விடு, தறிக்கே போயிக்கிறேன்."

இந்தப் பதில்தான் ஆபத்தானது. பாடம் பிடிக்காமல் போவது இயல்பு. ஆனால் பிடிக்காத ஒரு பாடத்துக்காக முழு வாழ்க்கையையும் முடிவு செய்வது சரியா? ஒரு பாடம் ஏன் பிடிக்காமல் போகிறது, கடைசி வாரங்களில் அதைப் படிக்க உட்காருவது எப்படி, 35 மார்க் எங்கிருந்து வரும் என்பதையெல்லாம் விரிவாகப் பார்க்கலாம்.

ஒரே ஒரு பாடம்தானே, விட்டால் என்ன?

தமிழ்நாட்டில் 10ஆம் வகுப்பு பொதுத்தேர்வில் 5 பாடங்கள். தேர்ச்சி பெற ஒவ்வொன்றிலும் 35 மார்க் வேண்டும். நான்கு பாடத்தில் 90 வாங்கி, ஒன்றில் 30 வாங்கினாலும் ரிசல்ட் 'தேர்ச்சி பெறவில்லை' என்றுதான் வரும். ஒரு பாடத்தின் மார்க்கை இன்னொரு பாடம் ஈடுகட்டாது.

அந்தச் சான்றிதழ் இல்லாவிட்டால் பிளஸ் 1 சேர முடியாது. பாலிடெக்னிக் டிப்ளமோவுக்கு அது வேண்டும். டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வு எழுதவும் குறைந்தபட்சத் தகுதி 10ஆம் வகுப்பு தேர்ச்சிதான்.

"நாங்க தறி வீடு, எங்களுக்கு எதுக்கு அதெல்லாம்?" என்று கேட்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. சேலத்திலேயே மத்திய அரசின் இந்திய கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் உள்ளது. நெசவையே டிப்ளமோவாகப் படிக்கும் இடம் அது. அங்கே போகவும் 10ஆம் வகுப்பைத் தாண்டித்தான் ஆக வேண்டும். தறிக்குப் போவதே விருப்பம் என்றாலும் பாஸ் ஆகிவிட்டுப் போனால், நாளைக்கு மனசு மாறும்போது இன்னொரு வழி திறந்திருக்கும்.

ராமானுஜனுக்கே நடந்த கதை

பிடிக்காத பாடத்தை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு தமிழ்நாட்டிலேயே பெரிய உதாரணம் கணித மேதை சீனிவாச ராமானுஜன். 1887ல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். பள்ளியில் சிறந்த மாணவர். 1904ல் உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார்.

அங்கே சிக்கல் ஆரம்பித்தது. அவருக்குக் கணக்கைத் தவிர வேறு எதிலும் மனம் ஒட்டவில்லை. ஆங்கிலப் பாடத்தில் தவறினார்; உதவித்தொகை பறிபோனது. மனம் உடைந்து வீட்டை விட்டே விசாகப்பட்டினத்துக்குக் கிளம்பிப் போனார். பிறகு 1906ல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். எஃப்.ஏ. தேர்விலும் அதே கதை: கணிதத்தில் தேறினார், மற்ற பாடங்களில் தவறினார்.

அதன் பிறகு பல வருடங்கள் வேலைக்காக அலைந்தார். 1912ல்தான் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்துக்கு குமாஸ்தா வேலை கிடைத்தது. 1913ல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதிய கடிதம் அவருடைய வாழ்க்கையை மாற்றியது. இங்கிலாந்து போய் 1916ல் ஆராய்ச்சி மூலம் பட்டம் பெற்றார்.

இந்தக் கதையை 'மேதைக்குப் படிப்பு தேவையில்லை' என்று பலரும் சொல்வதுண்டு. ஆனால் திருப்பிப் பார்த்தால், பிடிக்காத பாடங்கள் உலகம் வியந்த ஒரு மூளையையே பல வருடம் வறுமையில் அலைய வைத்தன. அவருக்காவது கைகொடுக்க ஒரு ஹார்டி கிடைத்தார். எல்லாருக்கும் கிடைப்பாரா?

பாடம் ஏன் பிடிக்காமல் போகிறது?

"பிடிக்கல" என்ற வார்த்தைக்குப் பின்னால் பெரும்பாலும் "புரியல" என்ற வார்த்தைதான் ஒளிந்திருக்கும். ஏழாம் வகுப்பில் பின்னத்தில் விட்ட இடம் பத்தாம் வகுப்பு இயற்கணிதத்தில் வந்து நிற்கும். அன்றைக்கு அவிழ்க்காத முடிச்சு, இன்றைக்கு மொத்த நூலையும் சிக்கலாக்கிவிடும். புரியாததால் மார்க் குறையும்; மார்க் குறைவதால் திட்டு விழும்; திட்டு விழுவதால் புத்தகத்தைப் பார்த்தாலே வெறுப்பு வரும். வெறுப்பு வந்தால் படிப்பதில்லை. படிக்காததால் இன்னும் புரியாது.

இந்தச் சுழலை 'முதலில் ஆர்வம் வரட்டும், பிறகு படிக்கலாம்' என்று காத்திருந்து உடைக்க முடியாது. பெரும்பாலும் ஆர்வம் முன்னால் வருவதில்லை. ஒரு கணக்கு சரியாக வந்த பிறகுதான் அடுத்த கணக்கைப் போட்டுப் பார்க்கத் தோன்றும்.

42 பக்கமா, 6 பக்கமா?

இதை ஒரு பிரபலமான ஆய்வு சோதித்துப் பார்த்திருக்கிறது. 1981ல் உளவியல் அறிஞர்கள் ஆல்பர்ட் பாண்டுராவும் டேல் ஷங்கும், கணக்கில் பின்தங்கியிருந்த, கணக்கில் ஆர்வமே இல்லாத சிறுவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். 42 பக்கப் பயிற்சி, 7 வகுப்புகள்.

ஒரு பிரிவிடம் "ஒவ்வொரு வகுப்பிலும் 6 பக்கம் முடிக்கப் பாருங்கள்" என்றார்கள். இன்னொரு பிரிவிடம் "ஏழாவது வகுப்பு முடிவதற்குள் 42 பக்கத்தையும் முடிக்கப் பாருங்கள்" என்றார்கள். கணக்குப் பார்த்தால் இரண்டும் ஒரே வேலைதான். ஆனால் தினமும் 6 பக்கம் என்ற சின்ன இலக்கு வைத்த பிள்ளைகள் கணக்கில் நன்றாக முன்னேறினார்கள். 'என்னால் முடியும்' என்ற நம்பிக்கையும், பிடிக்காமல் இருந்த கணக்கின் மேல் ஆர்வமும் அவர்களுக்குக் கூடியது. மொத்தமாக 42 பக்கம் என்ற பெரிய இலக்கு அப்படி உதவவில்லை.

'மேத்ஸ் படிக்கணும்' என்பது 42 பக்க இலக்கு. 'இன்னிக்கு ஒரு கிராஃப் போடணும்' என்பது 6 பக்க இலக்கு. ஒரு முழுச் சேலையையும் ஒரே மூச்சில் யாரும் நெய்வதில்லை. ஊடை ஒவ்வொன்றாகத்தான் விழும்.

35 மார்க் எங்கே இருக்கிறது?

பயம் குறைய ஒரு நல்ல வழி, வினாத்தாளைப் பிரித்துப் பார்ப்பது. தமிழ்நாடு 10ஆம் வகுப்பு கணித வினாத்தாளின் தற்போதைய அமைப்பு இதுதான்:

• பகுதி 1: ஒரு மார்க் கேள்விகள் 14. மொத்தம் 14 மார்க்.
• பகுதி 2: 14 கேள்விகளில் 10க்கு விடை எழுத வேண்டும். தலா 2 மார்க், மொத்தம் 20. கடைசிக் கேள்வி கட்டாயம்.
• பகுதி 3: 14 கேள்விகளில் 10க்கு விடை. தலா 5 மார்க், மொத்தம் 50. இதிலும் கடைசிக் கேள்வி கட்டாயம்.
• பகுதி 4: 2 கேள்விகள், தலா 8 மார்க், மொத்தம் 16. ஒன்று செய்முறை வடிவியல், இன்னொன்று வரைபடம். ஒவ்வொன்றிலும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்.

இப்போது ஒரு சின்னக் கூட்டல். வரைபடமும் வடிவியலும் சேர்ந்து 16. பாடநூலில் உள்ள பலவுள் தெரிவு வினாக்களைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தவருக்கு ஒரு மார்க் கேள்விகளில் 8 சரியாக வந்தால்கூட 24. இரண்டு மார்க் கேள்விகளில் 6 சரியாகப் போட்டால் இன்னும் 12. மொத்தம் 36. ஐந்து மார்க் பகுதியைத் தொடாமலே தேர்ச்சிக் கோடு தாண்டிவிட்டது.

இதற்காக ஐந்து மார்க் கேள்விகளை விட்டுவிட வேண்டும் என்று அர்த்தம் இல்லை. தெரிந்த வரைக்கும் எழுத வேண்டும். விடை முழுதாக வராவிட்டாலும் சரியாக எழுதிய படிகளுக்கு மார்க் உண்டு. 'கணக்கில் பாஸ் ஆகவே முடியாது' என்ற பயத்துக்கு அடிப்படை இல்லை என்பதைத்தான் இந்தக் கூட்டல் காட்டுகிறது.

எங்கே தொடங்கலாம்? வரைபடத்தில் தொடங்குவது நல்லது. அட்டவணை போடுவது, அளவுத்திட்டம் எழுதுவது, அச்சு வரைவது, புள்ளி வைப்பது, இணைப்பது என்று படிகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். இளம்பிள்ளைப் பிள்ளைகளுக்கு இது புதிதும் இல்லை. சேலை பார்டரில் வரும் மாங்காயும் மயிலும் கட்டம் போட்ட தாளில் பிறந்தவைதான். எந்தக் கட்டத்தில் நூல் மேலே, எந்தக் கட்டத்தில் கீழே என்று வரைந்துவிட்டுத்தான் ஜக்கார்டு அட்டையில் ஓட்டை போடுவார்கள். ஊரில் ஒரு டிசைன் மாஸ்டர் போடும் கட்டமும், பரீட்சையில் போடும் வரைபடமும் தூரத்துச் சொந்தம்.

தினமும் செய்ய 5 விஷயங்கள்

1. பிடிக்காத பாடம் முதலில், பிடித்தது பிறகு. பிடித்த வேலையைப் பரிசாக வைத்தால் பிடிக்காத வேலை நடக்கும் என்று உளவியல் அறிஞர் டேவிட் பிரேமாக் 1959லேயே எழுதினார். வீட்டில் அம்மா "சோத்தைத் தின்னுட்டு வெளையாடப் போ" என்பாரே, அதேதான். 25 நிமிடம் கணக்கு, பிறகு பிடித்த பாடம். தலைகீழாக வைத்தால் கணக்குக்கு நேரமே வராது.

2. 'எப்போது' என்பதையும் சேர்த்து முடிவு செய்யுங்கள். "நாளைக்குப் படிக்கிறேன்" என்பது காற்றோடு போகும். "டியூஷன் விட்டு வந்து டீ குடிச்சதும், ஒரு கிராஃப்" என்பது நிற்கும். எப்போது, எங்கே, என்ன செய்வது என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டவர்கள் அதைச் செய்து முடிக்கும் வாய்ப்பு அதிகம் என்பது பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகள் காட்டிய உண்மை.

3. திரும்ப வாசிப்பதைவிட, மூடி வைத்துவிட்டு எழுதிப் பாருங்கள். 2006ல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு ஆய்வாளர்கள் மாணவர்களை இரண்டு விதமாகப் படிக்க வைத்தார்கள். திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் 5 நிமிடம் கழித்து நன்றாக நினைவு வைத்திருந்தார்கள். ஆனால் ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது, வாசித்துவிட்டுத் தமக்குத் தாமே பரீட்சை வைத்தவர்கள்தான் முந்தினார்கள். பொதுத்தேர்வு 5 நிமிடத்தில் வருவதில்லை. தீர்த்து வைத்த கணக்கைப் பார்த்து 'ஆமா, புரியுது' என்று தலையாட்டுவது படிப்பு ஆகாது.

4. போன் வேறு அறையில். பக்கத்தில் கவிழ்த்து வைத்தால் போதாது. சேலை ஆர்டருக்கான போன் என்றால், அந்த அரைமணி நேரம் வீட்டில் வேறொருவர் கையில் இருக்கட்டும்.

5. முடித்ததை எழுதி வையுங்கள். காலண்டரில் தினமும் ஒரு டிக். பத்து டிக் வரிசையாக நின்றால் பதினோராவதை விட மனசு வராது. ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டாகச் செய்ய வேண்டாம். வழக்கம் போல ஒன்று போதும்.

பெற்றோர் என்ன செய்யலாம்?

"படி, படி" என்பதைவிட "இன்னிக்கு எந்தக் கணக்கு போட்ட, காட்டு சாமி" என்பது வேலை செய்யும். கணக்கு தெரியாத அம்மாவும் நோட்டைப் பார்க்கலாம். சரியா தவறா என்று சொல்ல வேண்டியதில்லை, பார்த்தாலே போதும். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவதைத் தவிர்க்க வேண்டும். தேர்வு முடியும் வரை தார் சுற்றுவது, சேலை மடிப்பது போன்ற வேலைகளுக்குப் பிள்ளைகளைக் கூப்பிடாமல் இருப்பது அவர்களுக்குச் செய்யும் பெரிய உதவி. தறிச் சத்தம் தொல்லை என்றால், தறி ஓடாத அதிகாலை நேரம் கணக்குக்கு ஏற்றது.

சந்தேகத்தைக் கேட்க ஆசிரியரிடம் போகும்போது "எனக்கு ஒண்ணுமே புரியல" என்று போவதைவிட, "இந்தக் கணக்குல மூணாவது வரி எப்படி வந்துச்சுனு புரியல" என்று போனால் பதில் சீக்கிரம் கிடைக்கும்.

தவறிவிட்டால்?

ஒருவேளை ரிசல்ட்டில் ஒரு பாடம் போனாலும் வருடம் வீணாகாது. ரிசல்ட் வந்த சில வாரங்களில் துணைத்தேர்வு நடக்கும். தவறிய பாடத்தை மட்டும் எழுதி, தேறினால் அதே ஆண்டிலேயே மேல்படிப்பில் சேரலாம். 'ஃபெயில்' என்ற வார்த்தையோடு பிள்ளையைத் தறிக்கு அனுப்பும் முன், பெற்றோர் இதை விசாரிக்க வேண்டும்.

பயமோ, தூக்கமின்மையோ, தவறான எண்ணங்களோ வந்தால் மறைக்க வேண்டாம். தமிழ்நாடு அரசின் 104 உதவி எண்ணிலும், மனநல ஆலோசனைக்கான 14416 எண்ணிலும் பேசலாம். பள்ளிக் கல்வி தொடர்பான சந்தேகங்களுக்கு 14417.

கணக்கைக் காதலிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. தேர்வு முடிந்ததும் அந்தப் புத்தகத்தைப் பரணில் போட்டுவிடலாம். அதுவரைக்கும் தினமும் 25 நிமிடம், ஒரு கிராஃப், ஒரு டிக். இன்றைக்குச் சாயங்காலம் டீ குடித்ததும் முதல் அட்டவணையைப் போட்டுப் பாருங்கள்.