ரப்பரின் நேரக்கணக்கு: பிரோனி தொடரும் ஒரு ஓ-ரிங்கும்

சேலஞ்சர் விண்கலம் 1986 ஜனவரி 28 அன்று கிளம்பி 73 விநாடியில் சிதறியது, 7 பேர் இறந்தார்கள், காரணம் ஒரு ரப்பர் வளையம். இதுவரை எல்லாருக்கும் தெரிந்த கதை. விசாரணையின்போது ரிச்சர்ட் ஃபைன்மேன் அந்த ரப்பர்த் துண்டை இடுக்கியில் கவ்வி ஐஸ் தண்ணீரில் போட்டு எடுத்துக் காட்டியதையும் பலர் படித்திருப்பீர்கள். ஆனால் அதைப் பலர் "குளிரில் ரப்பர் கெட்டியாகிவிட்டது" என்று மட்டும் புரிந்துகொள்கிறார்கள். அது பாதிதான் சரி. ஃபைன்மேன் காட்டியது, இடுக்கியைத் தளர்த்திய பிறகும் சில விநாடிகளுக்கு ரப்பர் பழைய வடிவத்துக்குத் திரும்பவில்லை என்பதை. அங்கே விஷயம் கடினத்தன்மை இல்லை, நேரம்.

பூஸ்டர் ராக்கெட்டைத் தயாரித்த தயோக்கால் நிறுவனத்தில் 1985-லேயே இதை அளந்திருந்தார்கள். அழுத்தி வைத்த ஓ-ரிங்கின் மேல் இருக்கும் தகட்டைக் கொஞ்சம் விலக்கினால், ரப்பர் எழும்பி மறுபடி தகட்டைத் தொட எவ்வளவு நேரம் ஆகும்? 100 டிகிரி ஃபாரன்ஹீட்டில் தொடர்பு விடவே இல்லை. 75 டிகிரியில் 2.4 விநாடி விட்டுப்போனது. 50 டிகிரியில் 10 நிமிடம் காத்திருந்தும் தொடவில்லை. செல்சியஸில் சொன்னால் 24-லிருந்து 10-க்கு இறங்கியதில், அதாவது வெறும் 14 டிகிரி வித்தியாசத்தில், ரப்பர் குறைந்தது 250 மடங்கு மந்தமாகிவிட்டது. ஏவிய அன்று அந்த இணைப்பின் வெப்பநிலை நீரின் உறைநிலையை ஒட்டி இருந்ததாக மதிப்பிட்டார்கள். என்ஜின் பற்றவைத்து 0.678 விநாடியில் முதல் புகை தெரிந்தது.

இப்போ இதே வளையத்தை அபாகஸ், ஆன்சிஸ் மாதிரி ஒரு சிமுலேஷன் மென்பொருளில் வரைந்து, ரப்பருக்கு ஒரே ஒரு மீள்திறன் எண் கொடுத்து ஓட்டிப் பாருங்க. தகடு விலகும், ரப்பர் அந்தக் கணமே பின்னாடி எழும்பும், சீல் பிடிக்கும். எந்தக் குளிரிலும் பிடிக்கும். அந்த எண்ணைப் பத்து மடங்கு கூட்டினாலும், அழுத்தத்தை எடுத்தவுடன் முழுசாத் திரும்பிவிடும். நேரமே இல்லாத மாடலில் ரப்பர் தோற்காது.

சரி, நேரத்தை எப்படிச் சொல்லிக்கொடுப்பது? பாதி சுருள்வில், பாதி பாகு என்று நடந்துகொள்ளும் பொருட்களை விஸ்கோஎலாஸ்டிக் என்கிறார்கள். பாகுமீள் தன்மை என்று சொல்லலாம். மெமரி ஃபோம் தலையணையை அழுத்திவிட்டுக் கையை எடுத்தால் நடப்பதுதான். இதற்கு ஒரு வில்லும் ஒரு பாகு டப்பாவும் தொடராகச் சேர்ந்த மேக்ஸ்வெல் ஜோடிகளைப் பக்கத்துப் பக்கத்தில் அடுக்கி, கூடவே தனி வில் ஒன்றையும் வைப்பார்கள். இழுத்துப் பிடித்தால் ஒவ்வொரு ஜோடியும் தன் விசையை எக்ஸ்பொனென்ஷியலாக விட்டுக்கொடுக்கும், தனி வில் மட்டும் கடைசிவரை தாங்கும். இந்தக் கூட்டல்தான் பிரோனி தொடர். 1795-ல் இதைப் பயன்படுத்திய பிரெஞ்சு எஞ்சினியர் பிரோனியின் பெயர்.

மென்பொருளில் நாம் நிரப்புவது ஒரு சின்ன அட்டவணை. ஒவ்வொரு வரியிலும் ஒரு பங்கு, ஒரு காலம். நானே போட்ட ஒரு கற்பனை ரப்பரைப் பாருங்க: உடனடி மாடுலஸ் 10 மெகாபாஸ்கல். பங்குகள் 0.3, 0.2, 0.2. அவற்றின் காலங்கள் 0.1, 10, 1000 விநாடி. மீதி 0.3 தனி வில்லுக்கு. இழுத்துப் பிடித்த 0.01 விநாடியில் ரப்பர் 9.7 மெகாபாஸ்கல் போல நடக்கும். 1 விநாடியில் 6.8, 10 விநாடியில் 5.7, ஒரு மணி நேரத்தில் 3.1. ஒரே ரப்பர்தான். "இதன் மாடுலஸ் எவ்வளவு?" என்று கேட்டால் "எப்போ?" என்றுதான் திருப்பிக் கேட்கணும்.

அட்டவணையைவிட அதைச் சுற்றி இருப்பதுதான் தொல்லை. முதல் கேள்வி, மீள்திறன் என்று கொடுத்த எண் உடனடி மதிப்பா, நீண்டகால மதிப்பா? மேலே உள்ள உதாரணத்தில் இது மாறிப்போனால் விடை 3.3 மடங்கு தப்பும், மென்பொருள் ஒரு வார்த்தை சொல்லாது. அடுத்தது ஸ்டெப்பின் வகை. அபாகஸில் சாதாரண ஸ்டாட்டிக் ஸ்டெப் போட்டால், நீங்கள் கவனமாக நிரப்பிய காலங்கள் எதுவுமே வேலை செய்யாது, ரப்பர் வெறும் வில்லாகவே இருக்கும். விஸ்கோ ஸ்டெப்பிலோ டைனமிக் ஸ்டெப்பிலோதான் கடிகாரம் ஓடும். அங்கே ஸ்டெப்பின் கால அளவு நிஜமான விநாடி. வழக்கம்போல 1 என்று போட்டுவிட்டுப் போகமுடியாது.

டேட்டாவும் அப்படித்தான். லேபில் ரப்பரை இழுக்கவே அரை விநாடி ஆகிறது என்றால், அந்தச் சோதனைக்கு மில்லி விநாடியில் நடப்பது தெரியாது. 0.001 விநாடிக்கு ஒரு வரியை அட்டவணையில் சேர்த்தால் அது வெறும் அலங்காரம். வேகமான நடத்தை வேண்டுமென்றால் அதிர்வுச் சோதனைக்குப் போகணும், இல்லையென்றால் குளிரில் அளக்கணும்.

குளிரில் அளப்பதா? ஆமாம். இந்தத் துறையில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இது. பல பாலிமர்களில் வெப்பநிலையைக் குறைப்பதும் கடிகாரத்தை மெதுவாக ஓட்டுவதும் ஒன்றுதான். வளைவின் வடிவம் மாறாது, லாக் அச்சில் பக்கவாட்டில் நகரும். எவ்வளவு நகரும் என்பதற்கு வில்லியம்ஸ், லேண்டல், ஃபெர்ரி மூவரும் 1955-ல் கொடுத்த சமன்பாடு மென்பொருளில் இரண்டு மாறிலிகளாக உட்கார்ந்திருக்கும். அவற்றை நிரப்பாவிட்டால் மாடலில் 24 டிகிரியும் 10 டிகிரியும் ஒன்றுதான். தயோக்கால் சோதனை சுத்தமான ரிலாக்சேஷன் சோதனை இல்லை, அதிலிருந்து நேராக மாறிலி எடுக்கமுடியாது. ஆனால் அந்த 250 மடங்கு இந்த நகர்தலின் ருசியைக் காட்டுகிறது.

விபத்துக்குப் பிறகு இணைப்பை மாற்றி வடிவமைத்தார்கள். இடைவெளி விரியாமல் பிடிக்க ஓர் உதடு, மூன்றாவதாக ஓர் ஓ-ரிங், அதோடு இணைப்பைச் சுற்றி ஹீட்டர். 1988 செப்டம்பரில் விண்கலம் மறுபடி பறந்தபோது, ஓ-ரிங் 75 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்வது அந்த ஹீட்டரின் வேலை.