சொந்த மைதானத்துக்கு 350 கிலோமீட்டர்

சென்னையின் எஃப்.சி. கால்பந்து அணி சொந்த மைதானத்தில் ஆடும் நாளிலும் காவிரி டெல்டா ரசிகனுக்கு அது வெளியூர்ப் பயணம்தான். தஞ்சாவூரிலிருந்து பெரியமேடு நேரு ஸ்டேடியம் சுமார் 350 கிலோமீட்டர். கும்பகோணமோ மன்னார்குடியோ பட்டுக்கோட்டையோ, எங்கிருந்து புறப்பட்டாலும் பெரும்பாலும் போக ஒரு ராத்திரி, வர ஒரு ராத்திரி. முப்பது ஆண்டுகளில் மேட்ச் பார்க்கப் போகும் பயணம் நிறைய மாறிவிட்டது. சில மாற்றங்கள் கைகொடுத்தன. சில, தூரத்தை இன்னும் கூட்டிவிட்டன.

அன்று மேட்ச் பார்க்கப் போவது என்றால் பக்கத்து ஊருக்குப் போவது. சம்பா அறுவடை முடிந்து மேட்டூர் தண்ணீர் வருவதற்கு முந்தைய கோடை மாதங்கள்தான் டோர்னமெண்ட் காலம். அதிராம்பட்டினம் மாதிரி பந்து விளையாட்டிலேயே ஊறிய கடற்கரை ஊர்களில் தொடர்போட்டி அறிவித்துவிட்டால், சுவரொட்டி சுற்றுவட்டாரம் முழுக்க வந்துவிடும். ஆடுகிறவர்கள் வேனில் போவார்கள். ஊர்ப் பையன்கள் சைக்கிளில் டபுள்ஸ் அடித்துப் பின்னால் போவார்கள். சவுக்குக் கழியும் பலகையும் வைத்துக் கட்டிய கேலரி. அதில் இடம் கிடைக்காதவர்கள் கோட்டோரமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள். விங்கில் ஓடிவருகிறவன் வழுக்கினால் மடியில்தான் வந்து விழுவான். விளக்கு கிடையாது. அஸர் தொழுகை முடிந்து தொடங்குகிற ஆட்டம் மக்ரிப் பாங்குக்கு முன் முடிந்தாக வேண்டும். டிரா என்றால் இருட்டுவதற்குள் பெனால்டி. ஆடுகிற இரண்டு பக்கமும் யார் வீட்டுப் பிள்ளை என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியும். வெளியூர் ரசிகன் என்ற தனி இனமே அங்கு இல்லை, வந்தவன் விருந்தாளி.

பெரிய அரங்கம் பார்க்கச் சென்னைக்குப் போவது அன்று அபூர்வம். 1993இல் புதிதாக எழுந்த நேரு ஸ்டேடியத்தில் நேரு கோப்பைக் கால்பந்து நடந்தது, வடகொரியா வென்றது. அன்றைக்குத் தஞ்சாவூரிலிருந்து மெயின் லைனில் ஓடியது மீட்டர்கேஜ் வண்டி. அது இல்லாவிட்டால் அரசு பஸ். இதில் ஒரு சௌகரியம் இருந்தது: பஸ் பாரிமுனை வரை போகும். அங்கிருந்து பெரியமேட்டுக்குக் கொஞ்ச தூரம்தான். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தே போய்விடலாம்.

2014 அக்டோபரில் இந்தியன் சூப்பர் லீக் என்கிற ஐ.எஸ்.எல். வந்ததும் எல்லாம் வேறாகிவிட்டது. உலகக் கோப்பையில் பிரேசிலுக்காக ஆடிய எலானோ, சென்னையின் எஃப்.சி. சட்டையில் ஃப்ரீ கிக் அடித்தார். அதற்குச் சற்று முன்புதான் டெல்டாவுக்கும் இரவு வண்டிகள் வந்திருந்தன: 2011இல் மன்னை எக்ஸ்பிரஸ், 2013இல் உழவன் எக்ஸ்பிரஸ். டிக்கெட்டைப் போனிலேயே எடுத்துக்கொள்ளலாம். காலையில் எழும்பூரில் இறங்கிக் குளித்து, பையைக் க்ளோக் ரூமில் போட்டுவிட்டு, சாயங்காலம் வெறுங்கையோடு ஸ்டேடியம் போவது நல்லது. வாசலில் தண்ணீர் பாட்டிலைக்கூட வாங்கி வைத்துவிடுவார்கள். அந்தக்கால கேலரியில் பெண்களைப் பார்த்த நினைவு இல்லை. இங்கே அப்பாவோடும் அம்மாவோடும் பெண்பிள்ளைகள் நீலச் சட்டையில் வருகிறார்கள். உழவன் போகும் அதே பாதையில் இருக்கிற கடலூரிலிருந்துதான் இந்துமதி கதிரேசன் இந்திய மகளிர் அணிக்குப் போனார் என்பதை அந்தப் பிள்ளைகளுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

எதிரணியின் ஊருக்கே போவதும் இன்று கைக்கெட்டும் காரியம். சாயங்காலம் தஞ்சாவூரில் காரைக்கால் - எர்ணாகுளம் வண்டி ஏறினால் விடிந்ததும் எர்ணாகுளம். 2017 முதல் கலூர் ஸ்டேடியம் வாசலுக்கே மெட்ரோ. கொச்சி அணியின் பல்லாயிரம் மஞ்சள் சட்டைக்கு நடுவே ஒரு மூலையில் நீலம் உடுத்தி நின்று கத்தியவனுக்குத்தான் தன் அணி என்றால் என்னவென்று உண்மையில் தெரியும். கோவையும் அப்படித்தான்: மன்னார்குடியிலிருந்து தஞ்சாவூர் வழியாக ஓடும் செம்மொழி எக்ஸ்பிரஸ் விடியலில் அங்கே சேரும். 2019 மார்ச் 9 அன்று கோவை நேரு ஸ்டேடியத்தில், ஐ-லீக்கில் ஆடிய சென்னை சிட்டி என்ற இன்னோர் அணி முதலில் ஒரு கோல் வாங்கி, பிறகு மினர்வா பஞ்சாபை 3-1 என்று வீழ்த்தியது. ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியில் முந்தி ஐ-லீக் பட்டம். அதைக் கண்ணால் பார்த்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். ஏனென்றால் 2021க்குப் பிறகு அந்த அணி ஐ-லீக்கிலேயே இல்லை.

இழந்ததும் உண்டு. பஸ் நிலையம் 2002இல் கோயம்பேட்டுக்குப் போனது. 2023 டிசம்பரில் கிளாம்பாக்கத்துக்குப் போனது. பஸ்ஸை நம்பி வருகிறவனுக்கு ஸ்டேடியம் இன்று இன்னும் சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஏழரைக்குத் தொடங்குகிற ஆட்டம் முடிய ஒன்பதரை ஆகும். ரயிலில் இடம் கிடைக்காதவன் கடைசி நிமிடங்களில் பந்தைப் பார்ப்பதா கடிகாரத்தைப் பார்ப்பதா என்று தவிக்கிறான்.

2015 வெள்ளத்தின்போது சென்னையின் எஃப்.சி. ஐ.எஸ்.எல். அரையிறுதியின் ‘சொந்த மைதான’ ஆட்டத்தைப் புனேயில் ஆட வேண்டியிருந்தது. சென்னை ரசிகர்கள் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து வருந்தினார்கள். அன்றைக்கு அவர்களுக்கு நேர்ந்தது டெல்டாவுக்கு எப்போதும் நேர்வது. ஐ.எஸ்.எல். ஆட்டம் ஒன்றுகூட இந்தப் பக்கம் நடந்ததில்லை. 2025 ஜூலையில் ஒப்பந்தச் சிக்கலால் லீக்கே நிறுத்தி வைக்கப்பட்டபோது, தொலைவிலிருந்து வருகிற ரசிகனைத்தான் முதலில் இழப்போம் என்று எனக்குப் பட்டது. பக்கத்தில் இருக்கிறவன் எப்போது வேண்டுமானாலும் திரும்பி வருவான். ராத்திரி வண்டி பிடித்து வருகிறவனுக்கு ஒருமுறை பழக்கம் விட்டுப்போனால் போனதுதான்.

ஆகவே கால்பந்துக் கழகங்களை நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். லீக் ஆட்டம் வேண்டாம். பருவம் தொடங்குமுன் ஆடுகிற நட்பு ஆட்டம் ஒன்றைத் தஞ்சாவூர் அன்னை சத்யா விளையாட்டு அரங்கிலோ திருச்சி அண்ணா ஸ்டேடியத்திலோ ஆடுங்கள். டெல்டாப் பிள்ளைகள் ஒருமுறையாவது தங்கள் அணியைத் தங்கள் மண்ணில் பார்க்கட்டும். நம் பக்கத்து இளைஞர்களுக்கும் ஒன்று: சென்னைக்கும் கொச்சிக்கும் போங்கள், கட்டாயம் போங்கள். ஆனால் வரும் கோடையில் பக்கத்து ஊரில் டோர்னமெண்ட் சுவரொட்டி ஒட்டினால், அங்கும் போய் உட்காருங்கள். அந்தக் கோட்டோரம் காலியாகிவிட்டால், டெல்டாவுக்கென்று ஓர் ஆட்டம் கேட்கிற உரிமை நமக்கு இருக்காது.