கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட தாத்தா படம்!
வீட்டுப் படங்களைக் காப்பாற்றுவது எப்படி?

தாத்தாவுக்கு இருப்பது ஒரே ஒரு படம். அது கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. பிய்த்தால் முகமே போய்விடும்! என்ன செய்வது?

இந்தக் கவலை பல வீடுகளில் உண்டு. படங்கள் ஒரே நாளில் கெடுவதில்லை. ஈரம், வெளிச்சம், பூச்சி ஆகிய மூன்றும் சேர்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக அழித்துவிடுகின்றன.

ரவிவர்மா படங்கள்

ஓவியர் ராஜா ரவிவர்மா, 1894-ம் ஆண்டு பம்பாயில் அச்சுக்கூடம் தொடங்கினார். அவருடைய லட்சுமி, சரஸ்வதி படங்கள் அச்சாகி, வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தன.

அந்தக் காகிதப் படங்கள் சில வீடுகளில் இன்றும் பளிச்சென்று இருக்கின்றன. சில வீடுகளில் வெளுத்துவிட்டன. ஏன் இந்த வேறுபாடு? சட்டம் போட்ட முறையும், மாட்டிய இடமும்தான் காரணம்.

சட்டம் போடும்போது...

பழைய போட்டோவின் மேல் 'ஜெலட்டின்' என்ற பூச்சு இருக்கிறது. ஈரம் பட்டால் அது இளகும். கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும்.

ஆகவே, படத்தைக் கண்ணாடி தொடக்கூடாது. நடுவில் சன்னல் போல வெட்டிய அட்டையை இரண்டுக்கும் இடையே வைக்கச் சொல்லுங்கள்.

மட்டமான அட்டையிலும் பலகையிலும் இருந்து அமிலம் கசியும். படம் பழுப்பு நிறமாகிவிடும். அமிலம் இல்லாத அட்டை கேட்டு வாங்குவது நல்லது.

படத்தைப் பசை தடவி ஒட்டக்கூடாது. மாவுப்பசை என்றால் இராமபாணப் பூச்சிக்கு விருந்து!

எங்கே மாட்டுவது?

வெயில் விழும் சுவர் வேண்டாம். வெளுத்த நிறம் திரும்ப வராது.

மழையில் ஊறும் சுவரும், அடுப்படிச் சுவரும் ஆகாது. சட்டத்தின் பின்னால், கீழ் மூலைகளில் இரண்டு தக்கைத் துண்டுகளை ஒட்டுங்கள். சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று ஓடும்.

சாமி படத்துக்கு நேர் கீழே விளக்கு வைத்தால் கரி படியும். தண்ணீராகக் கரைத்த சந்தனம் கண்ணாடியில் வழிந்து, சட்டத்துக்குள் இறங்கிவிடும். கெட்டியாகச் சிறு பொட்டு வைத்தால் போதும்.

கண்ணாடியைத் துடைக்கும்போது தண்ணீரை அதன் மேல் தெளிக்காதீர்கள். துணியை லேசாக நனைத்துத் துடையுங்கள்.

தஞ்சாவூர் ஓவியம்

பலகை மேல் துணி ஒட்டி, சுண்ணப்பூச்சு கொடுத்து, தங்க ரேக்கும் கற்களும் பதித்துச் செய்வது தஞ்சாவூர் ஓவியம். ஈரத்துணி பட்டால் பூச்சு உரியும். இதற்குக் கண்ணாடிச் சட்டம் அவசியம்.

தாத்தா படம் என்ன ஆயிற்று?

ஒட்டிய படத்தைப் பிய்க்காதீர்கள். வீட்டில் தண்ணீரில் ஊற வைத்தும் பார்க்காதீர்கள். கண்ணாடியோடு அப்படியே வைத்திருங்கள். முதல் வேலையாக, அதை வேறொரு படமாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வேலையும் உண்டு. படத்தில் இருப்பவரின் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றைச் சட்டத்தின் பின்பக்கம் எழுதி வையுங்கள்.

படம் அழியாமல் இருந்தாலும், "இது யார்?" என்று பேரன் கேட்கும்போது பதில் சொல்ல ஆள் இருக்க வேண்டுமே!